லைன் சேல்ஸ் பில்லிங்: நேட்டிவ் ஆப்பா, வெப் ஆப்பா?

தெப்பக்குளம்:

வணக்கம். மளிகை, பிஸ்கட், சோப்புச் சரக்கு விநியோகிக்கும் ஏஜென்சி ஒன்றுக்கு மொபைல் பில்லிங் செய்து தர வேண்டும். நேட்டிவ் ஆப்பாக (போனில் நேரடியாக நிறுவி ஓடுவது) எழுதுவதா, பிரவுசரில் ஓடும் வெப் ஆப்பாக எழுதி முகப்புத்திரையில் ஐகான் வைத்துக் கொடுத்துவிடலாமா? ஒப்பீட்டுப் பட்டியல்கள் நிறையக் கிடைக்கின்றன. "நேட்டிவ் வேகம், வெப் மலிவு" என்பதைத் தாண்டி அவற்றில் ஒன்றும் இல்லை. எங்கள் தேவையை வைத்துச் சொல்லுங்கள்.

லைன் சேல்ஸ்மேன் (ஒரு வழித்தடத்தில் கடை கடையாகப் போய் விற்பவர்) 35 பேர். எல்லோரிடமும் ஆண்ட்ராய்டு, பெரும்பாலும் 3 ஜிபி ரேம், ஆண்ட்ராய்டு 10 முதல் 14 வரை. சரக்கு வேனிலேயே போகிறது. கடையில் இறக்கியதும் பில் போட்டு, இடுப்பில் மாட்டியிருக்கும் 2 இஞ்ச் புளூடூத் பிரிண்டரில் அடித்துக் கொடுக்க வேண்டும். சரக்குப் பெயர் தமிழில் வர வேண்டும். ஐட்டம் சுமார் 1,800. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 40, 50 பில். லைனில் பல ஊர்களில் சிக்னல் கிடையாது, சில நாள் குடோனுக்குத் திரும்பிய பிறகுதான் நெட் வரும்.

இது போக, சேல்ஸ்மேன் எங்கே இருக்கிறார் என்று மேப்பில் தெரிய வேண்டும் என்கிறார் முதலாளி. 1,400 கடைக்காரர்களும் தாங்களே ஆர்டர் போடவும் பாக்கி பார்க்கவும் வழி வேண்டுமாம். கடைக்காரர்களில் சிலர் ஐபோன் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் டீமில் இரண்டு பேர். வெப் எழுதும் ரியாக்ட், டைப்ஸ்கிரிப்ட் நன்றாக வரும், ஆண்ட்ராய்டு நேட்டிவுக்கான காட்லின் மொழி தெரியாது. அதனால் மனசு வெப் பக்கம் சாய்கிறது. எங்கே இடிக்கும்?

---

புள்ளிமயில்:

முதல்ல பிரிண்டர் எந்த வகைன்னு பாருங்க. பாதி முடிவு அங்கேயே தெரிஞ்சிடும்.

2 இஞ்ச் தெர்மல் பிரிண்டர்ல நிறைய மாடல் பழைய புளூடூத் கிளாசிக்ல, சீரியல் போர்ட் ப்ரொஃபைல்ல, அதாவது எஸ்பிபி-ல பேசும். குரோம்ல இருக்கிற வெப் புளூடூத், பிஎல்இ-ங்கிற குறைஞ்ச மின்சாரப் புளூடூத் வகை மட்டும்தான் பேசும். எஸ்பிபி மட்டும் உள்ள பிரிண்டர் அதோட லிஸ்ட்லயே வராது. ஐபோன் சஃபாரியிலயும் ஃபயர்ஃபாக்ஸ்லயும் வெப் புளூடூத்தே கிடையாது. குரோம் 138-லிருந்து ஆண்ட்ராய்டுல வெப் சீரியல்ங்கிற இன்னொரு பிரவுசர் வசதி வழியா எஸ்பிபி-யைத் தொட முடியும். ஆனா 35 போன்லயும் குரோம் அப்டேட் ஆகியிருக்கணும். உங்க பிரிண்டரையும் உங்க போனையும் சேர்த்து வச்சு அடிச்சுப் பார்க்காம அதை நம்பி இறங்காதீங்க.

வகையைக் கண்டுபிடிக்கிறது சுலபம். என்ஆர்எஃப் கனெக்ட் மாதிரி பிஎல்இ ஸ்கேனர் ஆப்பைத் திறங்க. பிரிண்டர் அதுல தெரிஞ்சு, உள்ளே எழுதக்கூடிய கேரக்டரிஸ்டிக் (தரவு அனுப்புற வாசல்) ஒண்ணு இருந்தா பிஎல்இ வேலை செய்யும். அதுல வராம, போன் செட்டிங்ஸ்ல மட்டும் தெரிஞ்சு 0000 இல்ல 1234 பின் கேட்டு பேர் ஆனா (போனோட ஜோடி சேர்ந்தா) எஸ்பிபி. ரெண்டும் உள்ள மாடலும் உண்டு.

அடுத்தது தமிழ். இந்த பிரிண்டர்கள்ல பொதுவா தமிழ் ஃபான்ட் இருக்காது, பில்லைப் படமா வரைஞ்சுதான் அனுப்பணும். கணக்கைப் பாருங்க. 58 மிமீ பேப்பர்ல அச்சாகுற அகலம் 48 மிமீ. மிமீக்கு 8 புள்ளி, ஆக 384 புள்ளி, ஒரு வரிசைக்கு 48 பைட். 25 வரி பில், வரிக்கு 32 புள்ளி உயரம்னா 800 வரிசை, மொத்தம் 38,400 பைட். இதே பில்லை ஆங்கில எழுத்தா அனுப்பினா வரிக்கு 32 எழுத்தும் ஒரு நியூலைனும் சேர்த்து 825 பைட்ல முடிஞ்சிடும்.

பிஎல்இ-ல எம்டியூ, அதாவது ஒரு பொட்டலத்தோட உச்ச அளவு, 23 பைட்லயே நின்னா ஒரு தடவைக்கு 20 பைட்தான் போகும். 38,400 பைட்டுக்கு 1,920 தடவை எழுதணும். வெப் புளூடூத்ல ஒரு தடவைக்கு உச்சம் 512 பைட், அது முழுசா கிடைச்சா 75 தடவையில முடியும். எவ்வளவு கிடைக்கும்ங்கிறது போனும் பிரிண்டரும் பேசி முடிவு பண்றது. பேஜ்லிருந்து எம்டியூ-வை நாம கேட்டு வாங்க வழியில்லை. வெயில்ல கடைக்காரர் காத்து நிக்கிற இடத்துல இது பெரிய விஷயம்.

நேட்டிவ்ல எஸ்பிபி சாக்கெட்டைத் திறந்து நேரா தள்ளலாம். அங்கேயும் மொத்தப் படத்தையும் ஒரே மூச்சுல தள்ளினா சின்ன பிரிண்டரோட பஃபர் நிரம்பி நடுவுல வரி காணாமப் போகும், இல்ல கன்னாபின்னான்னு குறிகள் அடிக்கும். 128 வரிசைப் பட்டையா வெட்டுங்க. ஒவ்வொரு பட்டைக்கும் முன்னாடி டெசிமல்ல 29, 118, 48, 0, 48, 0, 128, 0 என்ற எட்டு பைட், அப்புறம் 6,144 பைட் படம். 800 வரிசைக்கு ஆறு முழுப் பட்டை, கடைசியில 32 வரிசை மிச்சம். அந்தக் கடைசிப் பட்டைக்கு 128-ங்கிற இடத்துல 32 போடணும். அதை மறந்தா பிரிண்டர் மீதி பைட்டுக்காகக் காத்துக்கிட்டே இருக்கும், அடுத்த பில்லோட தலைப்பை இதோட படமா நினைச்சு விழுங்கிடும்.

எழுத்து தடிமனும் முக்கியம். மெல்லிசான ஃபான்ட்ல வரைஞ்சு கறுப்பு வெள்ளையா மாத்தும்போது புள்ளி காணாமப் போயிடும், "க்" எல்லாம் "க" ஆயிடும். நோட்டோ சான்ஸ் தமிழ் மீடியம் இல்ல போல்டு, 24 பிக்சலுக்குக் குறையாம வைங்க. டிதரிங் (சாம்பல் நிறத்தைப் புள்ளி புள்ளியா காட்டுறது) வேண்டாம், நேரா த்ரெஷோல்டு (ஒரு அளவை வச்சு கறுப்பு இல்ல வெள்ளைன்னு பிரிக்கிறது) போடுங்க.

---

காப்புநகல்:

பிரிண்டருக்கு அடுத்து நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: சர்வருக்குப் போகாத பில் எங்கே உட்கார்ந்திருக்கிறது? அச்சடித்த பில் கடைக்காரர் கையில் இருக்கிறது, காசும் வாங்கியாகிவிட்டது. அந்தப் பில்லின் ஒரே பதிவு போனுக்குள் இருக்கிறது. சாயங்காலம் அது இல்லையென்றால் சேல்ஸ்மேன் தலையில்தான் விடியும். நேட்டிவா வெப்பா என்பதை நான் இதை வைத்துத்தான் முடிவு செய்வேன். திரை வேகம் எனக்கு இரண்டாம்பட்சம்.

வெப் ஆப்பில் அது பிரவுசருக்குள் இருக்கும் டேட்டாபேஸான இண்டெக்ஸ்டு டிபி-யில் இருக்கும். இடம் போதுமா என்ற கவலையே வேண்டாம், ஆண்ட்ராய்டு குரோம் ஒரு தளத்துக்கு டிஸ்கில் 60 சதவீதம் வரை விடுகிறது. பிரச்சினை அழிவதில்தான். வாட்ஸ்அப் வீடியோக்களால் போன் நிரம்பினால், குரோம் நீண்ட நாள் தொடாத தளங்களின் தரவை முதலில் தூக்கும். ஸ்டோரேஜ் பெர்சிஸ்ட் அனுமதி (தானாக அழிக்காதே என்று குரோமிடம் கேட்பது) வாங்கினால் அதிலிருந்து தப்பலாம். ஆனால் போன் மெதுவாக இருக்கிறது என்று யாராவது குரோமில் ஹிஸ்டரியை அழிக்கும்போது, கூடவே "குக்கீகள், தளத் தரவு" பெட்டியும் டிக் ஆகியிருந்தால், பெர்சிஸ்ட் வாங்கியிருந்தாலும் எல்லாம் போகும். முகப்புத்திரையில் தனி ஐகானாக இருந்தாலும் அந்த வெப் ஆப்பின் தரவு குரோமுக்குள்தான் இருக்கிறது என்பது சேல்ஸ்மேனுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நேட்டிவ் ஆப்பின் தரவு அழிய வேண்டுமென்றால் ஆப்பை நீக்க வேண்டும், அல்லது செட்டிங்ஸில் அந்த ஆப்பையே தேடிப் போய் தரவை அழிக்க வேண்டும். தற்செயலாக நடப்பது அரிது.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. குரோம் 121 முதல் இண்டெக்ஸ்டு டிபி டிரான்ஸாக்‌ஷன்களின் இயல்பு நிலை "ரிலாக்ஸ்டு". அதாவது "முடிந்தது" என்று உங்களுக்குச் செய்தி வரும்போது தரவு டிஸ்கில் இறங்கியிருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. பேட்டரி தீர்ந்து போன் அணையும் நொடியில் கடைசிப் பில் போகலாம். பில் எழுதும் டிரான்ஸாக்‌ஷனுக்கு மட்டும் "ஸ்ட்ரிக்ட்" என்று வெளிப்படையாகக் கொடுங்கள். நேட்டிவ் ஆப் வைத்துக்கொள்ளும் டேட்டாபேஸான எஸ்க்யூலைட்டிலும் இதே கதை உண்டு: வால் (WAL, மாற்றங்களை முதலில் தனிப் பதிவு ஃபைலில் எழுதுவது) முறையில் சிங்க்ரனஸ் என்ற அமைப்பை நார்மல் என்று விட்டால் மின்சாரம் போகும்போது கடைசி கமிட்டுகள் போகலாம், ஃபுல் என்று வையுங்கள். நாளைக்கு 50 பில்லுக்கு அதனால் வரும் தாமதம் கண்ணுக்கே தெரியாது. எதில் எழுதினாலும் வரிசை மாறக்கூடாது. டிஸ்கில் பதிந்த பிறகுதான் பிரிண்ட் கட்டளை.

நேட்டிவுக்குப் போனால் வரும் பொறி ஒன்றும் இருக்கிறது. ஆண்ட்ராய்டு தானாகவே ஆப் தரவை 25 எம்பி வரை கூகுள் கணக்கில் பேக்கப் எடுக்கும். ஆப்பை நீக்கி மறுபடி போட்டால் பழைய டேட்டாபேஸ் திரும்பி வரும், அதோடு பழைய பில் எண்ணும் வரும். அடுத்த பில் ஏற்கனவே கொடுத்த எண்ணிலேயே அச்சாகும். மேனிஃபெஸ்டில் (ஆப்பின் அமைப்பு ஃபைல்) அந்த பேக்கப்பை அணைத்துவிடுங்கள்.

பில் எண்ணுக்கு ஜிஎஸ்டி விதி 46 சொல்வது: தொடர் எண், 16 எழுத்துக்கு மிகாமல், நிதியாண்டுக்குள் திரும்ப வராமல். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் நமக்கு உதவி. ஒவ்வொரு லைனுக்கும் தனி வரிசை: லைன் குறி 3 எழுத்து, நிதியாண்டு 4 இலக்கம், தொடர் எண் 5 இலக்கம், நடுவில் இரண்டு சாய்கோடு, மொத்தம் 14. சிக்னல் இல்லாமலே எண் போடலாம், இரண்டு போன் மோதாது. ஒரு லைன் ஒரே நேரத்தில் ஒரு போனில்தான் திறந்திருக்க வேண்டும், அந்தப் பூட்டு சர்வரில் இருக்கட்டும்.

பில் எண் தவிர ஒவ்வொரு பில்லுக்கும் போனிலேயே ஒரு யூயூஐடி (வேறெதோடும் மோதாத நீண்ட அடையாளக் குறி) உருவாக்கி அனுப்புங்கள். பில் சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, பதில் வரும் வழியில் சிக்னல் போனால் போன் மறுபடி அனுப்பும். சர்வர் அதே யூயூஐடியைப் பார்த்து "ஏற்கனவே வந்தது" என்று வெற்றிப் பதிலே தர வேண்டும். பிழை என்று திருப்பினால் அந்தப் பில் காலத்துக்கும் வரிசையில் நின்றுகொண்டிருக்கும்.

---

தெப்பக்குளம்:

இருவருக்கும் நன்றி. பிரிண்டரைச் சோதித்தோம். பிஎல்இ ஸ்கேனரில் வரவில்லை, 0000 கேட்டுத்தான் இணைகிறது. எஸ்பிபி மட்டும். 35 பிரிண்டரும் ஏற்கனவே வாங்கியாகிவிட்டது, மாற்ற மாட்டார்கள். அப்படியானால் காட்லின் கற்றே ஆக வேண்டுமா? எழுதத் தெரிந்த வெப் அப்படியே வீணா?

---

அலைவரிசை:

வீண் இல்லை. சேல்ஸ்மேன் பக்கத்துக்கு, வெப் கோடை ஆப்பாகக் கட்டித் தரும் கெபாசிட்டர் என்ற கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ரியாக்ட் திரைகள் ஆப்புக்குள்ளிருக்கும் வெப்வியூவில் (உள்ளே பொதிந்த பிரவுசர்) ஓடும். புளூடூத் எஸ்பிபி, எஸ்க்யூலைட் இரண்டுக்கு மட்டும் நேட்டிவ் பிளகின். புளூடூத் பிளகினை நீங்களே எழுதினாலும் காட்லினில் வேலை கொஞ்சம்தான்: பேர் ஆன பிரிண்டர் பட்டியல், இணைப்பு, பைட் அனுப்புதல், மூடுதல். ஆப்பே டிஸ்கவரி (புதிய சாதனங்களைத் தேடுவது) ஓட்டினால், இணைக்கும் முன் அதை நிறுத்திவிடுங்கள். அது ஓடும்போது இணைப்பு இழுக்கும், பல முறை தோற்கும். ஆண்ட்ராய்டு 12 முதல் "அருகிலுள்ள சாதனங்கள்" அனுமதியை ஓடும்போது கேட்க வேண்டும். ஏற்கனவே பேர் ஆன பிரிண்டரோடு மட்டும் பேசுவதாக இருந்தால் ஸ்கேன் அனுமதி தேவையில்லை, இணைப்பு அனுமதி ஒன்றே போதும். ஆண்ட்ராய்டு 10, 11-ல் புதிதாகத் தேடினால் இட அனுமதி கேட்கும். அதனால் பேர் செய்வதை போன் செட்டிங்ஸிலேயே செய்யச் சொல்லிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

தமிழ்ப் பில்லை வரைய பிளகினுக்குள் போக வேண்டாம். வெப்வியூ கேன்வாஸில் வரைந்து, 384 புள்ளி அகலத்தில் பிக்சலை எடுத்து, பைட்டாக்கி பிளகினுக்குக் கொடுங்கள். ஃபான்ட் ஏற்றி முடியும் முன் வரைந்துவிட்டால் முதல் பில் மட்டும் வேறு எழுத்துருவில் அச்சாகும். ஆப் திறக்கும்போதே ஃபான்ட் வந்துவிட்டதா என்று காத்திருந்து உறுதி செய்யுங்கள், ஃபான்ட் ஃபைல் ஆப்புக்குள்ளேயே இருக்கட்டும்.

வெப்பில் இருந்து வருபவர்கள் கெபாசிட்டரில் தடுக்கி விழும் இடங்களைச் சொல்கிறேன். ஆண்ட்ராய்டில் உங்கள் பக்கம் லோக்கல்ஹோஸ்ட் என்ற முகவரியிலிருந்து ஓடுகிறது. சர்வரின் கோர்ஸ் (CORS, எந்தத் தளங்கள் அழைக்கலாம் என்ற அனுமதி) பட்டியலில் அதைச் சேர்க்காவிட்டால் டெஸ்க்டாப் பிரவுசரில் வேலை செய்த எல்லா அழைப்பும் போனில் தோற்கும். குக்கீ வழி லாகினும் தகராறு செய்யும், டோக்கனுக்கு மாறுங்கள். பிறகு எப்போதாவது அந்த முகவரியையோ எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் என்ற முன்னொட்டையோ மாற்றினால் பிரவுசர் கணக்கில் அது வேறு தளம். லோக்கல் ஸ்டோரேஜ், இண்டெக்ஸ்டு டிபி இரண்டும் காலியாகத் தெரியும். காப்புநகல் சொன்ன காரணத்தோடு இதையும் சேர்த்துக்கொண்டு, பில் எல்லாம் எஸ்க்யூலைட்டுக்கே போகட்டும். வெப்வியூவில் வெப் புளூடூத்தும் இல்லை, வெப் புஷ்ஷும் இல்லை. அறிவிப்புக்கு கூகுளின் எஃப்சிஎம் சேவைக்கான பிளகின்தான்.

வேகம் பற்றிக் கேட்டால், 3 ஜிபி போனில் வெப்வியூ திணறுவது பெரும்பாலும் பட்டியலில்தான். 1,800 ஐட்டத்தையும் மொத்தமாகத் திரையில் இறக்கினால், ஒரு வரிக்கு 10 எலிமென்ட் வைத்தாலும் 18,000 எலிமென்ட். தேடல் பெட்டியில் ஒரு எழுத்து அடித்தால் அடுத்த எழுத்து தாமதமாக விழும். கண்ணுக்குத் தெரியும் வரிகளை மட்டும் வரையும் வெர்ச்சுவல் லிஸ்ட் போடுங்கள். காட்லினில் லேசி காலம் (LazyColumn) என்ற பட்டியல் வசதி இதைத் தானாகச் செய்கிறது, வெப்பில் நாம் செய்ய வேண்டும், அவ்வளவுதான். சாதாரண பில்லிங் திரைக்கு இதற்கு மேல் நேட்டிவால் பெரிய லாபம் கிடையாது. ஒவ்வொரு போனிலும் ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிளே ஸ்டோரில் அப்டேட் அணைத்து வைத்த போனில் பழைய வெப்வியூ இருக்கும், புதிய ஜாவாஸ்கிரிப்ட் எழுத்திலக்கணம் புரியாமல் வெள்ளைத் திரை காட்டும். பில்டு இலக்கைக் கொஞ்சம் பழையதாக வையுங்கள்.

ஆப் எழுதும் இன்னொரு கருவியான ஃப்ளட்டரும் தாராளமாகச் செய்யும். ஆனால் அதன் மொழியான டார்ட் கற்று, திரைகளை முதலிலிருந்து எழுத வேண்டும். கடைக்காரர் பக்கத்துக்கு எப்படியும் வெப் எழுதத்தானே போகிறீர்கள், இரண்டு பேருக்கு இரண்டு கோட்பேஸ் அதிகம்.

---

சிறுநுட்பம்:

கடைக்காரர் பக்கம் வெப்தான். அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. வாரம் ஒரு முறை ஆர்டர் போட, மாதம் இரண்டு முறை பாக்கி பார்க்க 1,400 பேரை ஆப் இறக்கச் சொல்லாதீர்கள். போனில் இடம் இல்லை என்று நீக்கிவிடுவார்கள், அப்புறம் ஏஜென்சிக்கு போன் போட்டுத்தான் பாக்கி கேட்பார்கள். பெரிய கடைகளுக்கே இது நடந்தது. மிந்த்ரா 2015 மே மாதம் வெப்சைட்டை மூடி ஆப் மட்டும் என்று போய், 2016 ஜூனில் வெப்சைட்டைத் திரும்பக் கொண்டுவந்தது. ஃப்ளிப்கார்ட்டும் 2015-ல் மொபைல் தளத்தை நிறுத்திப் பார்த்துவிட்டு அதே ஆண்டு நவம்பரில் ஃப்ளிப்கார்ட் லைட் என்ற வெப் ஆப்போடு திரும்பியது.

பாக்கி விவரம் சர்வரில் இருக்கிறது, ஆர்டரும் சர்வருக்குப் போய்விடுகிறது. போனில் அழிந்தால் நஷ்டம் இல்லை. பிரிண்டர் இல்லை. வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினால் திறக்கிறது. வெப் சரியாகப் பொருந்தும் இடம் இதுவே.

ஐபோன்காரர்களுக்காகச் சில விவரம். சஃபாரியில் "இன்ஸ்டால்" என்று நாம் பட்டன் வைக்க முடியாது. ஷேர் பொத்தானை அழுத்தி முகப்புத்திரையில் சேர்க்கச் சொல்லிப் படம் போட்டுக் காட்ட வேண்டும். புஷ் அறிவிப்பு ஐஓஎஸ் 16.4 முதல், அப்படிச் சேர்த்தவர்களுக்கு மட்டும், அவர்கள் ஒரு பட்டனைத் தொட்ட பிறகு அனுமதி கேட்டால் மட்டும். வெறும் சஃபாரியில் திறப்பவர்கள் சஃபாரி பயன்படுத்திய 7 நாட்களுக்கு உங்கள் தளத்தைத் தொடாவிட்டால், ஸ்கிரிப்ட் எழுதி வைத்த தரவு எல்லாம் அழிக்கப்படும், சர்வீஸ் வொர்க்கரும் (நெட் இல்லாதபோதும் பக்கம் திறக்கப் பின்னால் ஓடும் ஸ்கிரிப்ட்) போகும். அதனால் லாகினை சர்வர் வைக்கும் குக்கீயில் வையுங்கள். சஃபாரியில் செய்த லாகின் முகப்புத்திரை ஐகானுக்கும் வரும் என்று எண்ண வேண்டாம். முதல் முறை மறுபடி ஓடிபி கேட்கும் என்று திரையிலேயே சொல்லிவிடுங்கள்.

வெப்பில் நிஜமாகத் தலைவலி தருவது சர்வீஸ் வொர்க்கர் அப்டேட். புதிய பதிப்பு இறங்கினாலும், பழைய டேப் எல்லாம் மூடும் வரை அது காத்திருக்கும். கடைக்காரர் டேப்பை மூடவே மாட்டார். "புதிய விலைப் பட்டியல் வந்துள்ளது, தொடவும்" என்று ஒரு பட்டை காட்டி, தொட்டதும் காத்திருக்கும் வொர்க்கரை முன்னுக்குக் கொண்டுவந்து பக்கத்தை ரீலோடு செய்யுங்கள். கேட்காமல் பின்னால் மாற்றினால், பழைய பக்கம் பழைய பெயரில் ஒரு ஸ்கிரிப்ட் ஃபைலைக் கேட்கும், டிப்ளாய் செய்யும்போது அதை அழித்திருப்பீர்கள், திரை வெறுமையாகிவிடும். பழைய பில்டின் ஃபைல்களை இரண்டு வாரமாவது சர்வரில் விட்டு வையுங்கள். முதல் எச்டிஎம்எல் பக்கத்துக்கு மட்டும் நீண்ட கேஷ் கூடாது.

சரக்குப் படங்களை வேறு டொமைனிலிருந்து எடுத்து கேஷில் போடுகிறீர்கள் என்றால் கோர்ஸ் தலைப்போடு எடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு படமும் ஒபேக் பதிலாக, அதாவது உள்ளடக்கத்தைப் பக்கம் பார்க்க முடியாத பதிலாகச் சேரும். 20 கேபி படத்துக்கும் குரோம் சுமார் 7 எம்பி என்று கணக்கு எழுதும். 300 படத்தில் 2 ஜிபி தாண்டிவிடும்.

---

மைல்கல்:

மேப் விஷயம் இன்னும் யாரும் தொடவில்லை. திரை அணைந்த பிறகு பிரவுசர் இடம் சொல்லாது. வெப்பில் அதற்கு வழியே கிடையாது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். நேட்டிவில் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் (திரை அணைந்தாலும் ஓடும் வேலை) வைத்து, மேலே நிலையான அறிவிப்போடு ஓட்டலாம். ஆண்ட்ராய்டு 14-ல் அந்த சர்வீஸின் வகை "லொகேஷன்" என்று மேனிஃபெஸ்டில் அறிவிக்க வேண்டும். சேல்ஸ்மேன் காலையில் "லைன் தொடங்கு" என்று தொடும்போது, ஆப் திரையில் இருக்கும்போதே சர்வீஸைத் தொடங்கினால் "எப்போதும் அனுமதி" என்ற பின்புல அனுமதி தேவைப்படாது, பிளே ஸ்டோரில் அதற்கான தனிப் பரிசீலனையும் மிச்சம். அப்படியும் சில கம்பெனி போன்களில் பேட்டரிச் சிக்கனம் சர்வீஸைக் கொன்றுவிடும். ஆட்டோஸ்டார்ட், "பேட்டரி கட்டுப்பாடு இல்லை" இரண்டையும் ஒவ்வொரு போனிலும் கையால் மாற்ற வேண்டும்.

ஆனால் முதலாளியிடம் ஒன்று கேளுங்கள்: நாள் முழுக்கக் கோடு வேண்டுமா, கடைக்குப் போனாரா என்று தெரிந்தால் போதுமா? பில் சேமிக்கும் நொடியில் இடத்தைப் பதிந்தாலே 50 கடைக்கு 50 புள்ளி கிடைத்துவிடும். பேட்டரியும் தீராது, சேல்ஸ்மேனுக்கும் நாளெல்லாம் கண்காணிக்கிறார்கள் என்ற உறுத்தல் இருக்காது. எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. ஒரு மனிதர் சாப்பிடப் போன இடம் பில்லிங் சாஃப்ட்வேருக்குத் தேவையில்லை. எதைப் பதிந்தாலும் அவர்களிடம் சொல்லி, சம்மதம் வாங்கிச் செய்யுங்கள்.

ஆப்பைக் கையில் சேர்க்கும் வழி: பிளே கன்சோல் பதிவு ஒரு முறை 25 டாலர். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்காக இருந்தால் பொதுவில் வெளியிடும் முன் 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து மூடிய சோதனை நடத்த வேண்டும். நிறுவனக் கணக்குக்கு அது கிடையாது, டன்ஸ் எண் (நிறுவன அடையாள எண்) வேண்டும். உங்களுக்கு 35 பேர்தான், இன்டர்னல் டெஸ்டிங் டிராக்கில் 100 பேர் வரை சேர்க்கலாம், அதிலேயே ஓட்டலாம். ஏபிகே-யை (ஆப்பின் நிறுவல் ஃபைல்) வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் வேண்டாம். யார் எந்தப் பதிப்பில் இருக்கிறார் என்பதே தெரியாமல் போகும்.

வெப்பில் இல்லாத செலவு ஒன்று: ஆண்டுதோறும் டார்கெட் ஏபிஐ (ஆப் எந்த ஆண்ட்ராய்டு பதிப்புக்கு எழுதப்பட்டது என்ற எண்) உயரும். 2025 ஆகஸ்ட் 31 முதல் புதிய ஆப்புக்கும் அப்டேட்டுக்கும் ஆண்ட்ராய்டு 15, அதாவது ஏபிஐ 35. பராமரிப்பு ஒப்பந்தத்தில் இதை எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு இலவசமாகச் செய்ய வேண்டி வரும்.

கட்டாய அப்டேட் திரை வைப்பீர்கள். அதில் ஒரு விதி: அனுப்பாத பில் இருக்கும்வரை அது பூட்டக்கூடாது. முதலில் பில்களை அனுப்பு, பிறகு அப்டேட் கேள். சர்வரும் முந்தைய பதிப்பின் பில் வடிவத்தை ஏற்கத் தெரிந்திருக்க வேண்டும்.

---

தெப்பக்குளம்:

தெளிவாகிவிட்டது. சேல்ஸ்மேனுக்கு கெபாசிட்டர், கடைக்காரருக்கு வெப், திரைகளும் விலைக் கணக்கும் பொது. இடம் பில் நேரத்தில் மட்டும் என்று பேசிப் பார்க்கிறோம். கடைசியாக ஒன்று. ஐட்டம் பட்டியல் அகரவரிசையில் வரவில்லை, சில பெயர்கள் தேடினால் கிடைப்பதும் இல்லை. எஸ்க்யூலைட், இண்டெக்ஸ்டு டிபி இரண்டிலும் இப்படித்தான். எதில் தவறு?

---

காப்புநகல்:

இரண்டுமே யூனிகோடு எண் வரிசையில் அடுக்குகின்றன, அது நம் அகரவரிசை அல்ல. யூனிகோடில் ர-வுக்கு அடுத்து ற, ந-வுக்கு அடுத்து ன, ச-வுக்கு அடுத்து ஜ. அதனால் "கருப்பட்டி, கற்கண்டு, கல் உப்பு" என்று வரும். நமக்கு வேண்டியது "கருப்பட்டி, கல் உப்பு, கற்கண்டு". யூனிகோடில் ஜவ்வரிசியும் கடைசிக்குப் போகாமல் ச வரிசையை ஒட்டி வந்து உட்காரும். போனில் சரிசெய்ய வேண்டாம். சர்வரில் தமிழ் கொலேஷனை (அகரவரிசை விதி) வைத்து ஒரு முறை அடுக்கி, 1,800 ஐட்டத்துக்கும் வரிசை எண் ஒன்று எழுதி, ஐட்டத்தோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள். இரண்டு டேட்டாபேஸிலும் அந்த எண்ணில் அடுக்கினால் போதும். புதிய ஐட்டம் சேர்ந்தால் எண்கள் மாறும், ஆகவே அதை ஐட்டத்தின் அடையாளமாக வேறெங்கும் பயன்படுத்தாதீர்கள்.

தேடல் தவறுவதற்குக் காரணம் கொம்பு. "சோம்பு" என்பதில் ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், இரட்டைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் இருக்கலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும், ஒப்பிட்டால் பொருந்தாது. பழைய ஃபான்டிலிருந்து மாற்றிய எக்செல் பட்டியல்களில் இது சகஜம். சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி-க்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றுங்கள். என்எஃப்சி சரிசெய்யாதது ஒன்று உண்டு: "பௌடர்" என்பதை ஒற்றைக் கொம்பும் ள-வும் போட்டு "பெளடர்" என்று அடித்திருப்பார்கள். அது வேறு எழுத்து, தானாகச் சேராது. தேடலுக்கென்று தனியாக ஒரு பத்தி வைத்து, அதில் மட்டும் ஔகாரக் குறியைக் கொம்பும் ள-வுமாகப் பிரித்து எழுதுங்கள். பயனர் அடிப்பதையும் அதே விதியில் மாற்றி அந்தப் பத்தியில் தேடுங்கள். பில்லில் அச்சாகும் பெயரைத் தொடாதீர்கள்.